படிப்புக்குக் காசு கொடுத்தவர்கள்: எமது பெண்களின் உயர்கல்விச் செலவு பற்றி ஒரு நூற்றாண்டுக் கணக்கு

அதிபர்களின் வரிசையும் கட்டடங்களின் கதையும் பரிசளிப்பு விழாப் படங்களும் இம்மலரின் வேறு பக்கங்களில் இருக்கின்றன. அவற்றை எழுத எம்மிலும் தகுதியானவர்கள் எழுதியிருக்கிறார்கள். சாம்பல்தீவு, சல்லி, உப்புவெளி, நிலாவெளிப் பக்கங்களிலிருந்து பஸ் ஏறிப் பட்டணத்துக்கு வந்து படித்த பழைய மாணவிகளான எம்மிடமும் ஒரு கட்டுரை வேண்டுமென்று மலர்க்குழு கேட்டது. நாம் கூடிப் பேசித் தெரிந்தெடுத்த விடயம் காசு. இந்த நூறு ஆண்டுகளில் எமது பாடசாலையிலிருந்து மேற்படிப்புக்குப் போன பெண்பிள்ளைகளுக்கு யார் செலவழித்தார்கள்?

"இலவசக் கல்விதானே, அரசாங்கம் கொடுத்தது" என்று எவரும் உடனே சொல்வார்கள். உண்மைதான். ஆனால் அது கணக்கின் ஒரு பாதி. மற்றப் பாதி அடைவுகடைச் சிட்டைகளிலும் சீட்டுப் பிடித்த கொப்பிகளிலும் கிடக்கிறது. அந்தக் கொப்பிகளை எந்த ஆணைக்குழுவும் பார்வையிட்டதில்லை. எனவே எமது அம்மம்மாமாரிடமும் பெரியம்மாமாரிடமும் கேட்டறிந்ததை, நாட்டின் கல்வி வரலாற்றோடு சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

இப்பாடசாலை தொடங்கிய காலத்தில் இலங்கையில் இருவகைப் பாடசாலைகள் இருந்தன. தமிழ்மொழிப் பாடசாலையில் கட்டணம் இல்லை. அங்கே படித்தவர் எட்டக்கூடிய உயர்ந்த இடம் பெரும்பாலும் தமிழ் ஆசிரியர் வேலை. ஆங்கிலப் பாடசாலையில் தவணைக்குத் தவணை கட்டணம். அங்கே படித்தவருக்கே எழுதுவினைஞர் வேலையும் வைத்தியமும் சட்டமும். 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி திறக்கப்பட்டது. அங்கே படித்தவர்கள் இலண்டன் பல்கலைக்கழகத்தின் பரீட்சைகளையே எழுதினார்கள். 1942 யூலை முதலாந் திகதி அது இலங்கைப் பல்கலைக்கழகமாயிற்று. முழு நாட்டுக்குமான அந்தப் பல்கலைக்கழகத்தில் அன்று ஆயிரம் மாணவர்கள்கூட இல்லை. அதில் திருகோணமலைப் பெண்கள் எத்தனை பேர் இருந்திருக்கக்கூடும் என்பதை வாசகர்கள் ஊகித்துக்கொள்ளலாம்.

திருகோணமலைப் பட்டணத்தில் மாதச் சம்பளம் என்ற ஒன்று இருந்ததற்குக் காரணம் துறைமுகம். பிரித்தானியக் கடற்படையின் தளமும் அதைச் சுற்றிய வேலைத்தலங்களும் களஞ்சியங்களும் எழுதுவினைஞர்களுக்கும் தொழிலாளர்களுக்கும் மாதம் தவறாமல் காசு கொடுத்தன. அந்த வீடுகளின் பெண்பிள்ளைகள் ஆங்கில வகுப்பில் இருந்தார்கள். சாம்பல்தீவின் கதை வேறு. இங்கே வருமானம் பருவத்தோடு வந்து பருவத்தோடு போகும். சல்லியில் கரைவலை இழுக்கும் மாதங்களில் கையில் காசு புரளும். வாடைக் காற்று தொடங்கினால் அடுப்பே சந்தேகம். வெங்காயம் பிடுங்கி விற்றால் கொஞ்சம், நெல் அடித்தால் கொஞ்சம். பாடசாலைக் கட்டணத்துக்கோ பருவம் தெரியாது. தவணை தொடங்கும் திகதிதான் தெரியும். ஆகவே எமது பக்கத்துப் பிள்ளைகள் கட்டணம் கட்ட முடியாமல் நின்றார்கள் என்பதைவிட, கட்டவேண்டிய நாளில் கட்ட முடியாமல் நின்றார்கள் என்பதே சரி. இந்த வேறுபாடு சின்னதாகத் தெரியும். இன்றைய மகாபொலவுக்கு வரும்போது இதே பிரச்சினையை மறுபடியும் காண்போம்.

1931 இல் இலங்கையில் ஆணும் பெண்ணும் வாக்களிக்கும் சர்வசன வாக்குரிமை வந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத தாயின் வாக்கும் கணக்கிலே எடுபட்டது. அதே ஆண்டு சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கரா அரசாங்க சபையில் கல்வி அமைச்சரானார். அவர் தலைமையில் அமைந்த விசேட குழு 1943 இல் அறிக்கை வெளியிட்டது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாக வேண்டும் என்பது அதன் சாரம். செல்வர்களும் சில பாடசாலை முகாமைகளும் எதிர்த்தார்கள். "காசு எங்கிருந்து வரும்?" என்பதுதான் அன்றும் கேள்வி. கன்னங்கரா சபையில் பேசியபோது உரோமைப் பேரரசன் ஆகுஸ்தஸை எடுத்துக்காட்டினார். செங்கல்லாகக் கண்ட நகரைப் பளிங்காக விட்டுச் சென்றதாக அவன் பெருமைப்பட்டான். விலைகூடியதாகக் கண்ட கல்வியை மலிவாக விட்டுச் சென்றோம் என்று இச்சபை சொல்லக்கூடியதாகட்டும் என்ற கருத்தில் அந்தப் பேச்சு அமைந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது.

திருகோணமலை அப்போதுதான் யுத்தத்திலிருந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. 1942 ஏப்ரல் 9 இல் யப்பானிய விமானங்கள் துறைமுகத்தில் குண்டு வீசியபோது பட்டணத்துச் சனம் பயந்து வெளியேறிற்று. படிப்பும் குழம்பியது. அந்தத் தலைமுறைப் பெண்களில் பலர் அத்தோடு படிப்பை நிறுத்தியவர்கள். அவர்களுக்குப் பின்னால் வந்த தங்கைமாருக்குத்தான் 1945 இன் பயன் கிடைத்தது. உதவி பெறும் பாடசாலைகள் எல்லாம் ஒரே நாளில் திட்டத்துக்குள் வந்துவிடவில்லை, ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. 1960 டிசம்பரில் அரசாங்கம் பெரும்பாலான உதவி பெறும் பாடசாலைகளைப் பொறுப்பேற்றதோடு அந்தக் கதை முடிந்தது. பாடப்புத்தகங்கள் 1980 இல் இலவசமாயின. சீருடைத் துணி 1993 இல் வந்தது. எம்மில் இளையவர்கள் இவற்றையெல்லாம் காற்றும் வெயிலும்போல எண்ணி வளர்ந்தவர்கள்.

பல்கலைக்கழகத்தின் கதவு எமது பக்கத்துப் பெண்களுக்கு மெய்யாகத் திறந்தது 1960 அளவில். கலைப்பீடத்தில் தமிழிலும் சிங்களத்திலும் படிக்கலாம் என்றானது அப்போதுதான். ஆங்கிலம் போதாத கிராமத்துப் பிள்ளையும் பேராதனைக்குப் போகலாம். விரிவுரைக்குக் கட்டணம் இல்லை. அரசாங்கம் தன் பங்கை உண்மையாகவே செய்தது. அதைக் குறைத்துச் சொல்வது நன்றிகேடு.

இரண்டாவது கணக்கு தொடங்கியதும் அதே நாளில்தான்.

பேராதனைக்குப் போன எமது மூத்த சகோதரி ஒருவர் கொண்டுபோன பொருள்களின் பட்டியலை எமக்குச் சொன்னார். இரும்புப் பெட்டி, தலையணை, போர்வை, கம்பளிச் சட்டை, குடை, ஆறு சேலை, ஒரு சோடிச் சப்பாத்து. கடற்கரையில் பிறந்த பிள்ளைக்குக் கம்பளிச் சட்டை என்பது அதுவரை படத்தில் பார்த்த பொருள். விடுதிச் செலவு, சாப்பாடு, புத்தகம், தவணைக்கு ஒருமுறை வந்துபோகும் ரயில், பஸ் காசு எல்லாம் சேர்த்து வீட்டில் கணக்குப் பார்த்தார்கள். அம்மாவின் இரண்டு காப்பு அடைவுக்குப் போனது. "பட்டம் எடுத்து முதல் சம்பளத்தில் மீட்டுத் தந்தேன். ஆனால் அதற்கு முன் வட்டி கட்டியே காப்பின் விலை போய்விட்டது" என்றார் அவர்.

இந்தக் கதையை நாம் கேட்ட வீடுகளில் ஆண்டும் நகையும்தான் மாறின. சங்கிலி, காப்பு, தோடு, கடைசியாகத் தாலிக்கொடி. தாலிக்கொடியை அடைவு வைத்த அம்மாமார் மஞ்சள் கயிற்றில் தாலியைக் கோத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார்கள். ஊரில் எல்லோருக்கும் காரணம் தெரியும், ஒருவரும் கேட்கமாட்டார்கள். அடைவுக்குப் பிறகு சீட்டு. பத்துப் பன்னிரண்டு பெண்கள் சேர்ந்து பிடிக்கும் சீட்டில், மகள் பல்கலைக்கழகம் போகும் மாதத்துக் கழிவை அந்தத் தாய்க்கு விட்டுக்கொடுக்கும் வழக்கம் சில இடங்களில் இருந்தது. எந்த வங்கியும் இவ்வளவு நாகரிகமாக நடந்துகொண்டதில்லை என்பது எமது அபிப்பிராயம். அதுவும் போதாதபோது வட்டிக்காசு.

கிழக்கு மாகாணத்துத் தமிழ்க் குடும்பங்களின் வழமையையும் இவ்விடத்தில் சொல்லவேண்டும். எமது பகுதியில் வீடும் வளவும் பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே தகப்பன் வளவை ஈடு வைத்து மூத்தவளைப் படிப்பித்தால், அந்த ஈடு விழுவது இளையவளின் வீட்டின்மேல். மூத்தவள் உத்தியோகம் பார்த்து மீட்டுக் கொடுக்கவேண்டும். மீட்கும்வரை அவளுடைய கல்யாணமும் தள்ளிப்போகும், தங்கையின் கல்யாணமும் தள்ளிப்போகும். "படிப்பிச்சா சீதனம் குறையுமோ?" என்று வீட்டில் வயதானவர்கள் கேட்டது முட்டாள்தனமான கேள்வி அல்ல. ஒரே வளவு, ஒரே நகை. அதைப் படிப்புக்கு வைப்பதா கல்யாணத்துக்கு வைப்பதா என்ற கணக்கு அது. அக்காவின் பட்டமளிப்புப் படம் சுவரில் தொங்கும் வீடுகளில், அதற்காகத் தன் படிப்பைச் சாதாரண தரத்தோடு நிறுத்திய தங்கை அதே படத்தின் கீழே இருந்து தையல் தைத்திருக்கிறாள். எமது சங்கத்தின் அங்கத்தவர் பட்டியலில் பட்டதாரிகளின் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுகிறோம். அந்தத் தங்கைமாரும் இப்பாடசாலையின் பழைய மாணவிகளே.

1957 இல் பிரித்தானியர் கடற்படைத் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டுப் போனார்கள். அதற்கு முந்திய ஆண்டு சிங்களம் மட்டும் அரசகரும மொழியாயிற்று. துறைமுகச் சம்பளத்தையும் அரசாங்க உத்தியோகத்தையும் நம்பியிருந்த வீடுகளுக்கு இரண்டும் அடுத்தடுத்து விழுந்த அடி. பட்டம் எடுத்தால் கடனை அடைக்கலாம் என்ற நம்பிக்கையின் கீழே மண் கொஞ்சம் சரிந்தது.

1970களின் தரப்படுத்தல் பற்றி அதிகம் எழுதப்பட்டிருக்கிறது. இங்கே சுருக்கமாகவே சொல்வோம். முதலில் மொழிவாரியாக வெட்டுப்புள்ளி வேறுபட்டது. பல தமிழ்ப் பிள்ளைகளின் வைத்தியக் கனவும் பொறியியல் கனவும் அதிலே கலைந்தன. 1974 இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தபோது யாழ்ப்பாணத்தவர் இழந்தார்கள், எம்மைப் போன்ற பின்தங்கிய மாவட்டத்தவர் சிலர் உள்ளே போனார்கள். இதைச் சொல்வது சிலருக்குக் கசக்கும். இன்றும் திருகோணமலை கல்வியில் பின்தங்கிய 16 மாவட்டங்களில் ஒன்று. அனுமதியில் 40 வீதம் தீவு முழுவதற்குமான திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் 5 வீதம் இந்தப் பதினாறுக்கும் போகிறது. எமது இளைய உறுப்பினர்களில் பலர் அந்த வழியால் போனவர்கள். ஆனால் பின்தங்கிய மாவட்டம் என்பதற்காக வெட்டுப்புள்ளியைக் குறைத்தவர்கள், பின்தங்கிய மாவட்டத்து வீட்டின் பணப்பெட்டியைப் பற்றி யோசித்ததாகத் தெரியவில்லை.

யோசித்த ஒரு திட்டம் மகாபொல. வர்த்தக அமைச்சராக இருந்த லலித் அத்துலத்முதலியின் முயற்சியில் 1981 இல் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நிதியம் சட்டத்தால் அமைக்கப்பட்டது. ஊரூராக நடந்த மகாபொலக் கண்காட்சிகளின் வருமானமும் அபிவிருத்தி லொத்தரின் இலாபமும் அதன் மூலதனம். பஸ் நிலையத்தில் லொத்தர்ச் சீட்டு வாங்கி ஒருநாளும் பரிசு விழாத தகப்பன்மார், பிள்ளையின் மாதப் பணத்துக்குத் தாங்களே பங்கு போட்டிருக்கிறார்கள். மகாபொல கிடைக்காதவர்களுக்குப் பல்கலைக்கழகம் வழியாக உதவுதொகை. பிள்ளைகள் அதைப் 'பேசரி' என்பார்கள்.

மகாபொல கொடை, கடன் அல்ல. எமது பெண்களின் உயர்கல்விச் செலவில் அடைவுகடைக்குப் போகாத முதற் காசு அது. அந்தக் காசில் சாப்பிட்டு, மிச்சம் பிடித்து வீட்டுக்கும் அனுப்பியவர்கள் எம்மில் இருக்கிறார்கள். தம்பியின் ரியூஷன் காசு அக்காவின் மகாபொலவிலிருந்து போனது.

1983 இற்குப் பிறகு வந்த காலத்தில் எந்தக் கணக்கும் சரிவரவில்லை. 1987 முதல் சில ஆண்டுகள் தெற்கின் கலவரத்தால் பல்கலைக்கழகங்கள் மூடிக் கிடந்தன. 1990 இல் இந்தப் பகுதிச் சனம் இடம்பெயர்ந்தது. முகாம்களிலும் உறவினர் வீடுகளிலும் இருந்தார்கள், பலர் கடல் கடந்து தமிழ்நாட்டுக்குப் போனார்கள். மூன்று ஆண்டுப் பட்டம் ஐந்து ஆண்டு, ஆறு ஆண்டு என்று இழுபட்டது. படிப்பு நீளும்போது வட்டியும் நீளும். அடைவில் இருந்த நகையின் தவணை முடிந்தபோது நகைக்குரியவர் முகாமில் இருந்தார். ஏலத்தில் போனது போனதுதான். 2004 டிசம்பர் 26 இல் கடல் வந்தபோது சல்லியிலும் சாம்பல்தீவிலும் மிச்சமிருந்த நகையையும் சான்றிதழ்களையும் சேர்த்தே கொண்டுபோயிற்று. நிவாரணப் படிவங்களில் வள்ளத்துக்கும் வலைக்கும் வீட்டுக்கும் இடம் இருந்தது. மகளின் படிப்புக்கென்று வைத்திருந்த இரண்டு பவுணுக்கு எந்தக் கூட்டிலும் இடமில்லை.

அதற்கிடையில் ஒரு நல்ல காரியமும் நடந்தது. கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் 2001 இல் அமைந்து, பின்னர் கோணேசபுரியில் எமது வாசலுக்கே வந்து சேர்ந்தது. சாம்பல்தீவிலிருந்து சைக்கிளில் போகும் தூரம். இனி எமது பிள்ளைகள் வீட்டுச் சோறு சாப்பிட்டுப் பட்டம் எடுப்பார்கள் என்று சந்தோசப்பட்டோம். அப்படி எடுத்தவர்கள் உண்டு. ஆனால் அனுமதி கொடுப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. இஸட் புள்ளியும் தெரிவுவரிசையும் பார்த்துத் தீவு முழுவதிலும் பிள்ளைகளைப் பிரித்து அனுப்பும். எமது பிள்ளை சப்பிரகமுவவுக்கும் ருகுணவுக்கும் போகிறாள்; மாத்தறைப் பிள்ளை கோணேசபுரிக்கு வருகிறாள். நிலாவெளி வீதியோரத்துச் சில வீடுகளில் அறைகளை வளாகத்துப் பிள்ளைகளுக்கு வாடகைக்குக் கொடுக்கிறார்கள். அந்த வாடகையே தங்கள் மகள் பெலிகுல்ஓயாவில் இருக்கும் அறைக்கு வாடகையாகப் போகிறது என்று ஒரு தாய் எமக்குச் சொன்னார். சொல்லிவிட்டுச் சிரித்தார். "அந்தப் பிள்ளைக்கு நான் கறி கொடுக்கிறன். என்ர பிள்ளைக்கு அங்க ஆரோ ஒரு அம்மா கொடுக்கட்டும்."

மகாபொல 2015 இல் மாதம் 5,000 ரூபாவாக்கப்பட்டது, உதவுதொகை 4,000. அன்று அது ஒரு பிள்ளையின் சாப்பாட்டுக்குக் காணும் என்று சொல்லலாம். 2022 இல் நாடு வங்குரோத்தாகி, செப்டெம்பரில் பணவீக்கம் ஏறத்தாழ 70 வீதத்துக்கும் உணவுப் பணவீக்கம் ஏறத்தாழ 95 வீதத்துக்கும் போனபோதும் அந்த ஐயாயிரம் ஐயாயிரமாகவே நின்றது. 2025 வரவுசெலவுத் திட்டத்தில்தான் மகாபொல 7,500 ஆகவும் உதவுதொகை 6,500 ஆகவும் கூட்டப்பட்டன. இடைப்பட்ட அந்த மூன்று ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தில் இருந்த பிள்ளைகள் ஒருநேரச் சாப்பாட்டைக் குறைத்தார்கள், வீட்டுக்குச் சொல்லவில்லை.

தொகையைவிட எமக்குப் பெரிதாகப்படுவது அது வந்துசேரும் நாள். புதிதாக அனுமதி பெற்ற பிள்ளைக்கு முதல் தவணைப் பணம் கையில் கிடைக்கப் பல மாதங்கள் செல்கின்றன. பெரிய செலவெல்லாம் விழுவது அந்த மாதங்களில்தான்: அறைக்கு முற்பணம், மெத்தை, பாத்திரம், இப்போது மடிக்கணினியும். 1930களில் கட்டணம் கட்டும் திகதியில் காசில்லாமல் நின்ற சாம்பல்தீவுப் பிள்ளையும், இன்று மகாபொல வருமுன் அறை எடுக்கக் காசில்லாமல் நிற்கும் பிள்ளையும் ஒரே இடத்தில்தான் நிற்கிறார்கள். அந்த இடைவெளியை அன்று அடைவு நிரப்பிற்று. பிற்காலத்தில் நுண்கடன் நிரப்பிற்று.

யுத்தம் முடிந்தபின் வீடுதேடி வந்து, பெண்களைக் குழுவாகச் சேர்த்து, ஒருவருக்கு ஒருவர் பிணையாக்கிக் கடன் கொடுத்த கம்பனிகளை எமது பக்கத்தில் அறியாத வீடில்லை. கோழி வளர்ப்பதற்கு, கடை போடுவதற்கு என்று படிவத்தில் எழுதுவார்கள். அந்தக் காசில் எத்தனையோ மெத்தைகளும் கணினிகளும் வாங்கப்பட்டன. கிழமைக்குக் கிழமை வந்து வாசலில் நின்று வசூலித்தபோது, பல்கலைக்கழகத்தில் படிக்கும் கோழி முட்டை போடவில்லை. 2018 இல் அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில், எமது மாவட்டம் உட்பட, பெண்கள் பெற்ற ஒரு இலட்சம் ரூபா வரையான நுண்கடன்களைத் தள்ளிவிட முன்வந்ததே இந்தச் சுமையின் அளவைக் காட்டும்.

பல்கலைக்கழக அனுமதிக்குத் தகுதி பெறுவோர் ஆண்டுதோறும் ஒன்றரை இலட்சத்துக்கு மேல். அனுமதி பெறுவோர் நாற்பதாயிரத்துச் சொச்சம். உள்ளே போவோரில் பத்துக்கு ஆறு பேர் பெண்கள் என்பது பெருமை. வெளியே நிற்போர் என்ன செய்வது? 2017 இல் அரசாங்கம் வட்டியற்ற மாணவர் கடன் திட்டத்தைத் தொடங்கியது. உயர்தரத்தில் சித்தியடைந்தும் அரச பல்கலைக்கழகம் கிடைக்காதவர்கள், அங்கீகரிக்கப்பட்ட தனியார் நிறுவனங்களில் பட்டம் படிக்கலாம். கல்விக் கட்டணத்துக்கு எட்டு இலட்சம் வரையும் வாழ்க்கைச் செலவுக்கு மூன்று இலட்சமும் என்று அது ஆரம்பித்தது. வட்டியை அரசாங்கம் கட்டும். படிப்பு முடிந்து ஒரு வருடத்தின் பின் முதலை மாணவி கட்டத் தொடங்கவேண்டும்.

வட்டியில்லாக் கடன் என்பது அடைவையும் நுண்கடனையும் கண்ட எமக்குச் சாதாரண விடயமல்ல. எம் அம்மாமாருக்கு இப்படி ஒன்று இருந்திருந்தால் எத்தனை காப்பு மிஞ்சியிருக்கும்! ஆயினும் சாம்பல்தீவிலிருந்து பார்க்கும்போது மூன்று தடைகள் தெரிகின்றன. அந்த நிறுவனங்களில் பெரும்பாலானவை கொழும்பைச் சுற்றி, மாலபேயிலும் ஹோமாகமவிலும் இருக்கின்றன, படிப்பு ஆங்கிலத்தில். அங்கே அறையெடுத்து இருக்க வாழ்க்கைச் செலவுக் கடன் காணாது. பிணைக்குக் கையெழுத்திடச் சம்பளச் சிட்டை உள்ள ஒருவர் வேண்டும். கடற்றொழில் செய்யும் குடும்பத்துக்கு அப்படி ஒரு உறவினரைத் தேடுவதே ஒரு படிப்பு. கடைசியாக, திருப்பிக் கட்டுவது. பதினொரு இலட்சத்தை எட்டு ஆண்டில் கட்டுவதென்றால் மாதம் 11,000 ரூபாவுக்கு மேல். திட்டம் தொடங்கிய அதே 2017 இல், கிழக்கிலும் வடக்கிலும் வேலையற்ற பட்டதாரிகள் மாதக்கணக்காகத் தெருவோரம் சத்தியாக்கிரகம் இருந்தார்கள். 2020 இல் அரசாங்கம் பட்டதாரிகளைப் பயிலுநர்களாகச் சேர்த்தபோது கொடுத்த கொடுப்பனவு மாதம் 20,000 ரூபா. அதில் பாதிக்கு மேலே கடனுக்குப் போனால், மிச்சத்தில் அவள் எப்படி வாழ்வாள் என்பதை எந்தப் படிவமும் கேட்பதில்லை.

இலண்டனிலும் ரொறொன்ரோவிலும் இருக்கும் எமது சகோதரிகளுக்கு இந்தக் கதை அந்நியமல்ல. இங்கிலாந்தில் 1998 வரை பல்கலைக்கழகத்துக்கு மாணவர் கட்டணம் கட்டவில்லை. அந்த ஆண்டு ஆயிரம் பவுண் என்று தொடங்கியது, 2006 இல் மூவாயிரம், 2012 இல் ஒன்பதாயிரம் வரை. அங்கே பிள்ளை கடனோடுதான் பட்டம் எடுக்கிறது. ஆனால் சம்பளம் ஒரு வரம்பைத் தாண்டினால் மட்டுமே கட்டவேண்டும், குறிப்பிட்ட ஆண்டுகளுக்குப் பின் மிச்சம் தள்ளப்படும். அமெரிக்காவில் மாணவர் கடன் மொத்தமாக ஒன்றரை இலட்சம் கோடி டொலரையும் தாண்டிவிட்டது. அங்கே தேர்தலில் பேசப்படும் விடயம் அது. தன் மகளின் கடனைப் பற்றிக் கவலைப்பட்டு எழுதிய இலண்டன் அக்கா ஒருவர், "எங்கட அம்மா கட்டின மாதிரி நானும் கட்டிறன், நகை மட்டும் கழுத்தில இருக்கு" என்று முடித்திருந்தார்.

இனி எமது சங்கத்தின் காரியத்துக்கு வருவோம். நூற்றாண்டு நிதிக்கு அங்கத்தவர்கள் தாராளமாகக் கொடுத்திருக்கிறார்கள். அதை எதற்குச் செலவிடுவது என்பதில் இருவேறு எண்ணங்கள் இருக்கின்றன. வாசலில் நூற்றாண்டு வளைவு ஒன்று கட்டவேண்டும் என்பது ஒன்று. பல்கலைக்கழகம் புகும் மாணவிகளுக்கு உதவவேண்டும் என்பது மற்றது. வளைவின் அழகை நாம் மறுக்கவில்லை. ஆனால் எம்மிடம் கேட்டால், அடுத்த நூறு ஆண்டுக்கும் அந்த வாசலால் பிள்ளைகள் வளைவில்லாமலே நடந்துபோவார்கள். அறைக்கு முற்பணம் இல்லாவிட்டால் போகமாட்டார்கள்.

உதவி என்பதிலும் கடனா கொடையா என்ற வாதம் உண்டு. கடனாகக் கொடுத்தால் நிதி சுழலும், இன்னும் பலருக்குப் பயன்படும் என்று சொல்லும் சகோதரிகளில் வங்கியில் வேலை பார்த்தவர்களும் இருக்கிறார்கள். கணக்கு அவர்களுக்குத் தெரியும். எமது நிலை கொடை என்பதே. இந்தப் பிள்ளை ஏற்கெனவே ஒரு கடனோடு போகிறாள். அது அம்மாவின் கழுத்தில் இருக்கிறது. அதன்மேல் தன் பாடசாலையின் கடனையும் வைத்துக்கொண்டு, வேலை கிடைக்காத பட்டதாரியாக எமது ஒன்றுகூடலுக்கு அவள் வரமாட்டாள். வெட்கப்பட்டு ஒதுங்கிப்போவாள். நிதி கரைந்தால் மறுபடியும் சேர்ப்போம்.

எமது முன்மொழிவு இது. ஒவ்வொரு ஆண்டும் அனுமதி பெறும் எமது மாணவிகளில், குடும்ப வருமானத்தால் மகாபொலவுக்கோ உதவுதொகைக்கோ தகுதியுள்ளவர்களுக்கு, அரசாங்கத்தின் முதல் தவணைப் பணம் வரும்வரை மாதாமாதம் அதே அளவு தொகையைச் சங்கம் கொடுக்கவேண்டும். அறைக்கு முற்பணம் தனி. அரசாங்கப் பணம் வந்ததும் எமது பணம் நிற்கும். திருப்பித் தரத் தேவையில்லை. கிராம உத்தியோகத்தரின் வருமானச் சான்றிதழும் அனுமதிக் கடிதத்தின் பிரதியும் போதும். பிணை வேண்டாம், மேடையில் ஏற்றிப் படம் எடுக்கவும் வேண்டாம்.

இது அடுத்த பொதுக்கூட்ட நிகழ்ச்சிநிரலில் சேர்க்கப்பட்டுள்ளது. வரமுடியாதவர்கள் தம் அபிப்பிராயத்தைச் செயலாளருக்கு எழுதலாம். எழுதும்போது, உங்கள் படிப்புக்காக வீட்டில் எது அடைவுக்குப் போனது, எப்போது மீட்கப்பட்டது அல்லது மீட்கப்படவில்லை என்பதையும் ஒரு வரியில் குறிப்பிடுங்கள். பெயர் போடத் தேவையில்லை. அவற்றைச் சேர்த்துப் பாடசாலை நூலகத்தில் ஒரு கொப்பியாக வைக்க எண்ணியிருக்கிறோம். இதுவரை எமக்குக் கிடைத்த முதல் வரி: "ஒரு சோடிக் காப்பு, மூன்று பவுண், மீட்கப்பட்டது, அம்மா போட்டுக்கொள்ள மறுத்துவிட்டார், இப்போது பேத்தியிடம்."